ஜேசான், சிஎஸ்வி, பார்க்கெட் கோப்புகளை உலாவியிலேயே திறந்து பார்க்க எந்த எக்ஸ்டென்ஷன்? எண்கள் மாறிவிடுகின்றன, டேப் உறைந்துவிடுகிறது

அடைப்புக்குறி (கேள்வி)

வணக்கம். ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் சர்வர் வழி) பதில்களையும், தரவுத்தளத்திலிருந்து எடுத்த ஜேசான் (சாவி-மதிப்பு இணைகளாக எழுதும் வடிவம்), சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை), பார்க்கெட் (நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கிய அட்டவணை) கோப்புகளையும் உலாவியிலேயே திறந்து, மர வடிவிலும் அட்டவணையாகவும் பார்க்க ஒரு எக்ஸ்டென்ஷன் தேடுகிறேன். குரோம் 64 பிட், 16 ஜிபி ரேம். இப்போது இருப்பது ஜேசானை வண்ணம் பிரித்து, மடித்து விரிக்கும்படி காட்டும் சாதாரண வகை. அதில் தீராத சிக்கல்கள் இவை:

இணைய முகவரியைத் திறந்தால் மர வடிவம் சரியாக வருகிறது. அதே கோப்பைக் கணினியில் சேமித்து டேப்பில் இழுத்துப் போட்டால் வெறும் எழுத்தாகத்தான் நிற்கிறது. சிஎஸ்வி இணைப்பைச் சொடுக்கினால் திறப்பதே இல்லை, நேராகப் பதிவிறக்கம் ஆகிவிடுகிறது.

இதைவிடக் கவலை தருவது ஒன்று. தரவுத்தளத்தில் 1745023698811904327 என்று இருக்கும் ஆர்டர் எண், எக்ஸ்டென்ஷனில் 1745023698811904300 என்று தெரிகிறது. இதில் பிழை செய்வது சர்வரா, எக்ஸ்டென்ஷனா?

180 எம்பி அளவுள்ள ஒரு ஜேசான் கோப்பைத் திறந்தால் டேப் உறைந்து, சற்று நேரத்தில் செத்துவிடுகிறது. 1.5 ஜிபி பார்க்கெட் கோப்பு ஒன்றும் இருக்கிறது. அதற்கெல்லாம் உலாவியை நம்பலாமா, இல்லை வேறு கருவிக்கே போக வேண்டுமா?

கோப்புகளில் வாடிக்கையாளர் விவரங்கள் உள்ளன. இணையத்தில் எங்கோ ஒட்டிப் பார்க்கும் தளங்கள் வேண்டாம். எதுவும் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது.

---

வரிமுறி

முதல் இரண்டு சிக்கல்களுக்கும் உங்கள் எக்ஸ்டென்ஷன் காரணம் இல்லை. உலாவி அதை எங்கே ஓட விடுகிறது என்பதுதான் விஷயம்.

கணினியில் உள்ள கோப்பைக் குரோம் டேப்பில் திறக்கும்போது, எந்த எக்ஸ்டென்ஷனுக்கும் அதைத் தொட இயல்பாக அனுமதி கிடையாது. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய், குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனின் 'டீடெயில்ஸ்' பொத்தானை அழுத்தினால், கீழே 'அலவ் ஆக்சஸ் டு ஃபைல் யுஆர்எல்ஸ்' என்ற சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, ஏற்கெனவே திறந்திருக்கும் டேப்பைப் புதுப்பிக்க வேண்டும். மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் வேலை செய்பவர்கள் அதற்கான சுவிட்சைத் தனியே போட வேண்டும்; ஒன்று மற்றொன்றைச் சேர்த்துத் திறந்துவிடாது. ஃபயர்பாக்ஸ் என்றால் கதை வேறு. அதில் ஜேசான் காட்டி உள்ளேயே இருக்கிறது. பக்கத்தை முதலில் அது எடுத்துக்கொள்வதால், நீங்கள் நிறுவிய எக்ஸ்டென்ஷன் சும்மா இருப்பதுபோல் தோன்றும். 'அபவுட்:கான்ஃபிக்' என்ற உள்ளமைப்புகள் பக்கத்தில் 'ஜேசான்வியூ' என்று தேடி, 'எனேபிள்ட்' என்று முடியும் அமைப்பை அணைத்தால் எக்ஸ்டென்ஷன் ஓடும். சிறிய கோப்புகளுக்கு ஃபயர்பாக்ஸின் சொந்தக் காட்டியே தாராளம். அதில் மூல எழுத்தைக் காட்டும் தனி டேப்பும், சர்வர் அனுப்பிய தலைப்புகளை (ஹெடர்) காட்டும் டேப்பும் இருக்கின்றன.

சிஎஸ்வி பதிவிறக்கம் ஆவதன் காரணம், கோப்பின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் தலைப்பு. சர்வர் அதை சிஎஸ்வி என்று சரியாகக் குறிப்பிட்டால், குரோம் அதைக் காட்ட முடியாத வகை என்று முடிவு செய்து பதிவிறக்கிவிடும். தாவலால் பிரித்த டிஎஸ்வி கோப்புக்கும் இதே கதிதான். பக்கம் என்று ஒன்று உருவானால்தானே எக்ஸ்டென்ஷன் அதற்குள் நுழைய முடியும்? இங்கே பக்கமே உருவாவதில்லை. 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' தலைப்பில் 'அட்டாச்மென்ட்' என்று சர்வர் போட்டிருந்தால், ஜேசானாக இருந்தாலும் பதிவிறக்கம்தான்.

இதைச் சுற்றிப் போக இரண்டு வழிகள் உண்டு. சில எக்ஸ்டென்ஷன்கள் சர்வரின் பதில் தலைப்பையே வழியில் மாற்றி, சாதாரண எழுத்து என்று குரோமை நம்பவைக்கும். அதற்கு எல்லாத் தளங்களின் மீதும் அனுமதி கேட்கும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டாவது வகை, தனக்கென ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, கோப்பைத் தேர்ந்தெடுக்கவோ இழுத்துப் போடவோ இடம் தரும். சிஎஸ்வி, பார்க்கெட், எஸ்க்யூலைட் (ஒரே கோப்பாக இருக்கும் தரவுத்தளம்) எல்லாவற்றுக்கும் இதுதான் ஒழுங்கான வழி. இழுத்துப் போடும்போது அந்தப் பெட்டிக்குள் சரியாக விழ வேண்டும். வெளியே விழுந்தால் உலாவி அதைப் புதிய கோப்பாகத் திறக்க முயன்று மறுபடி பதிவிறக்கும்.

இன்னொரு இடமும் அடிக்கடி குழப்பும். நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் 'ரா' பொத்தானை அழுத்தினால் வரும் முகவரி, ஜேசானையும் சாதாரண எழுத்து வகையாகத்தான் அனுப்புகிறது. கன்டென்ட்-டைப்பை மட்டும் பார்க்கும் எக்ஸ்டென்ஷன் அங்கே கண்டுகொள்ளாது. எழுத்து { அல்லது [ என்று தொடங்குகிறதா என்றும் பார்க்கும் எக்ஸ்டென்ஷன்தான் அங்கே வேலை செய்யும். போதாததற்கு, அந்த முகவரிக்குக் கடுமையான உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையும் உண்டு. பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லைச் சொருகி வேலை செய்யும் பழைய பாணி எக்ஸ்டென்ஷன்கள் அங்கே பாதியில் நின்றுபோகும்.

டோக்கன் வேண்டிய ஏபிஐ என்றால் முகவரியை டேப்பில் திறப்பதில் பயன் இல்லை. டேப் அனுப்புவது குக்கியோடு கூடிய சாதாரண கெட் கோரிக்கை. டோக்கனைச் சுமக்கும் ஆத்தரைசேஷன் தலைப்பு அதில் போகாது. டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் பகுதியிலிருந்து பதிலை நகலெடுத்து, எக்ஸ்டென்ஷனின் சொந்தப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

---

நெடுவரிசை

ஆர்டர் எண் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இந்த இழையில் மிக ஆபத்தானது அதுதான். பிழை செய்வது உங்கள் எக்ஸ்டென்ஷன். சர்வர் மீது இப்போதைக்குச் சந்தேகம் வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரண எண் என்பது 64 பிட் மிதவைப் புள்ளி எண். 9007199254740991 வரை, அதாவது 2-இன் 53-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு வரை, ஒவ்வொரு முழு எண்ணும் தவறாமல் அதில் அடங்கும். அதற்கு மேல் இடைவெளி விழத் தொடங்குகிறது. உங்கள் எண் இருக்கும் 19 இலக்க எல்லையில் அந்த இடைவெளி 256. அதாவது 1745023698811904327 என்ற எண்ணை அப்படியே வைக்க இடமில்லை. அருகிலுள்ள 1745023698811904256 ஆகிவிடுகிறது. அதை அச்சிடும்போது ஜாவாஸ்கிரிப்ட், அந்த மதிப்பைத் தனித்து அடையாளம் காட்டப் போதுமான மிகக் குறைந்த இலக்கங்களை மட்டும் எழுதி, மீதியைப் பூச்சியத்தால் நிரப்புகிறது. அதனால்தான் 4300 என்று முடிகிறது. கடைசி இரண்டு மூன்று இலக்கங்கள் பூச்சியமாக வரிசை வரிசையாகத் தெரிந்தால் இந்த நோய்தான் என்று அடித்துச் சொல்லலாம்.

ஜேசான் தரத்தில் (ஆர்எஃப்சி 8259, 2017) எண்ணுக்கு நீள வரம்பு கிடையாது. எனவே சர்வர் அனுப்பியது செல்லுபடியாகும் ஜேசான்தான். ஆனால் பெரும்பாலான காட்டிகள் எழுத்தை ஜாவாஸ்கிரிப்ட் பொருளாக மாற்றிவிட்டு, அந்தப் பொருளைத்தான் வரைகின்றன. அந்த மாற்றத்தில் தொலைவது எண் மட்டும் இல்லை. எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தச் சிறு கோப்பைக் கொடுத்துப் பாருங்கள்:

{
  "எண்": 9007199254740993,
  "விலை": 1.10,
  "10": "பத்து",
  "2": "இரண்டு",
  "நிலை": "பழையது",
  "நிலை": "புதியது"
}

பொருளாக மாற்றிக் காட்டும் எக்ஸ்டென்ஷனில் எண் 9007199254740992 ஆகும். விலை 1.1 ஆகும். வரிசை மாறி "2", "10" இரண்டும் மேலே ஏறி நிற்கும். முழு எண் போன்ற சாவிகளை ஜாவாஸ்கிரிப்ட் முதலில், ஏறுவரிசையில் வைப்பதுதான் காரணம். 'நிலை' ஒன்றுதான் இருக்கும், அதுவும் 'புதியது'. பழையது இருந்த தடமே தெரியாது. ஒரே சாவி இருமுறை வந்திருப்பது பெரும்பாலும் கோப்பை உருவாக்கிய நிரலில் உள்ள பிழை. அதைக் கண்டுபிடிக்கத்தான் கோப்பைத் திறக்கிறோம். காட்டியே அதை மறைத்துவிட்டால் என்ன பயன்?

ஆறு வரியும் எழுதியபடியே தெரிந்தால், அந்த எக்ஸ்டென்ஷன் மூல எழுத்தைத் தானே அலசி வரைகிறது என்று பொருள். அதை நம்பலாம். இடையில் இன்னொரு வகையும் உண்டு: குரோம் 114 முதல், பார்ஸ் செய்யும்போதே (எழுத்தைப் பொருளாக மாற்றும்போதே) ஒவ்வொரு மதிப்பின் மூல எழுத்தையும் கேட்டு வாங்க முடிகிறது. அதைப் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷனில் எண்ணும் 1.10-உம் தப்பிவிடும். சாவி வரிசையும் இரட்டைச் சாவியும் தப்பாது.

இதே சோதனைக் கோப்பில் இன்னொரு மதிப்பையும் சேர்த்துப் பாருங்கள்: தடித்த எழுத்துக்கான எச்டிஎம்எல் குறிச்சொல்லுக்குள் ஒரு சொல். திரையில் குறிச்சொல் அப்படியே எழுத்தாகத் தெரிய வேண்டும். சொல் தடிமனாகத் தெரிந்தால் உடனே நீக்கிவிடுங்கள். கோப்பில் உள்ள எதையும் பக்கத்தின் பகுதியாக ஏற்கும் காட்டி அது. யாரோ அனுப்பும் கோப்பு, அந்தப் பக்கத்தின் உரிமையோடு நிரல் ஓட்ட முடியும்.

டெவலப்பர் கருவியிலும் இதே பொறி உண்டு. நெட்வொர்க் பகுதியில் 'பிரிவ்யூ' என்பது பொருளாக மாற்றியது, 'ரெஸ்பான்ஸ்' என்பது வந்த எழுத்து. ஐயம் வந்தால் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, காட்டியில் 'அழகுபடுத்தியதைச் சேமி' என்ற பொத்தான் இருந்தால் அதிலிருந்து தரவை எடுத்து வேறெங்கும் ஏற்றாதீர்கள். திரையில் தெரிந்த பிழை அப்போது கோப்புக்குள்ளேயே போய்விடும். நிரந்தரத் தீர்வு சர்வர் பக்கம்: நீள அடையாள எண்களை மேற்கோள் குறிக்குள், சரமாக அனுப்பச் சொல்லுங்கள். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்ற எண் எதற்கு எண்ணாக இருக்க வேண்டும்?

---

அடைப்புக்குறி

மிக்க நன்றி, இருவருக்கும். சுவிட்சைப் போட்டதும் உள்ளூர் கோப்பு சரியாகிவிட்டது. ஆறு வரிச் சோதனையில் என் எக்ஸ்டென்ஷன் நான்கிலும் தோற்றது. 'ரெஸ்பான்ஸ்' பகுதியில் ஆர்டர் எண் முழுதாக இருக்கிறது. வேறொன்றை முயன்றேன், அது எண்களைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் 180 எம்பி கோப்பில் அதுவும் சாகிறது. ரேம் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன்?

---

துண்டுபதிவு

ரேம் எவ்வளவு என்பது இங்கே கணக்கிலேயே வராது. குரோமில் ஒரு டேப்பின் ஜாவாஸ்கிரிப்ட் நினைவகத்துக்கு 4 ஜிபி என்ற கூரை உண்டு. சுட்டிகளை (நினைவக முகவரிகளை) சுருக்கி வைக்கும் முறையால் வந்த வரம்பு அது. 16 இருந்தாலும் 64 இருந்தாலும் அதே 4 தான்.

180 எம்பி அந்தக் கூரையை எப்படி முட்டுகிறது என்று பாருங்கள். டேப்பில் திறந்ததுமே குரோம் முழு எழுத்தையும் பக்கத்துக்குள் ஒரே தொகுதியாக வைக்கிறது. எக்ஸ்டென்ஷன் அதைப் படிக்க இன்னொரு சரமாக எடுக்கிறது. அதைப் பொருளாக மாற்றினால், சின்னச் சின்ன சாவி-மதிப்பு இணைகள் நிறைந்த கோப்பு மூலத்தைவிடப் பல மடங்கு பெருக்கும். இத்தனைக்கும் மேல், ஒவ்வொரு வரியையும் திரையில் வரைய நான்கைந்து எச்டிஎம்எல் கணுக்கள். உண்மையில் டேப்பைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சரத்தில் உள்ள எல்லா எழுத்தும் லத்தீன்-1 (ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும்) தொகுதிக்குள் இருந்தால் உலாவி அதை எழுத்துக்கு ஒரு பைட்டாக வைத்துக்கொள்ளும். நடுவில் எங்காவது ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் சரமும் எழுத்துக்கு இரண்டு பைட்டாக மாறிவிடும். ஆங்கிலச் சாவிகள் நிறைந்த 180 எம்பி கோப்பு, ஒரு பெயருக்காக 360 எம்பி ஆகும். அதோடு, ஒரு சரத்தின் நீளம் சுமார் 53.6 கோடி எழுத்துகளைத் தாண்ட முடியாது. எனவே 600 எம்பி ஆங்கில ஜேசானை ஒரே சரமாகப் படிக்கும் எந்த எக்ஸ்டென்ஷனும், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே டேப்பில் நேராகத் திறப்பதை விடுங்கள். சொந்தப் பக்கம் உள்ள, கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும் எக்ஸ்டென்ஷனைத் தேடுங்கள். நல்ல ஒன்று இப்படி வேலை செய்யும்: கோப்பு பின்னணி ஒர்க்கருக்கு (பக்கத்தைத் தடுக்காமல் தனியே ஓடும் நிரல்) போகும், அது சில எம்பி அளவுத் துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு பதிவும் எந்த பைட்டில் தொடங்குகிறது என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும், திரையில் தெரியும் ஐம்பது அறுபது வரிகளை மட்டும் அப்போதைக்கப்போது படித்து வரையும். எக்ஸ்டென்ஷனின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை மெசேஜாக அனுப்பும் வடிவமைப்பு என்றால் 64 எம்பி தாண்டியதும் குரோம் மறுத்துவிடும். சுமார் அந்த அளவு வரை ஓடி, அதற்குமேல் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வெறும் பக்கம் காட்டும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

திரையில் தெரிவதை மட்டும் வரையும் முறைக்கு இரண்டு பக்கவிளைவுகள் உண்டு. கன்ட்ரோல்-எஃப் தேடல் வரையப்பட்ட வரிகளை மட்டுமே பார்க்கும். 'இல்லை' என்று அது சொன்னால் நம்பக்கூடாது, எக்ஸ்டென்ஷனின் சொந்தத் தேடல் பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். அடுத்தது உயரம். ஒரு உறுப்பின் உயரம் குரோமில் சுமார் 3.35 கோடி பிக்சலையும், ஃபயர்பாக்ஸில் சுமார் 1.78 கோடி பிக்சலையும் தாண்டாது. வரிக்கு 20 பிக்சல் என்றால் குரோமில் ஏறக்குறைய 16.7 லட்சம் வரி, ஃபயர்பாக்ஸில் 8.9 லட்சம் வரி. அதற்கு மேல் உருட்டினாலும் கடைசி வரிகள் வரவே வராது. பெரிய கோப்பைத் திறந்ததும் கடைசிப் பதிவுக்குப் போய், மொத்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் 180 எம்பி கோப்பு ஒரே பெரிய அணி என்றால், அதை ஒருமுறை ஜேசான் லைன்ஸாக மாற்றிவிடுவது மிகப் பயன் தரும்: வரிக்கு ஒரு பொருள், வெளி அடைப்பும் காற்புள்ளியும் இல்லாமல். வரி முறிவைத் தேடினாலே பதிவின் எல்லை கிடைத்துவிடுவதால் எந்தக் காட்டிக்கும் வேலை எளிது. ஜேக்யூ என்ற கட்டளைவரிக் கருவியால் மாற்றலாம், ஆனால் 1.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். அதற்கு முந்தையவை உங்கள் ஆர்டர் எண்ணை இதே மாதிரி சிதைக்கும். ஜேசான் லைன்ஸ் கோப்பைச் சாதாரண ஜேசான் காட்டியில் கொடுத்தால் இரண்டாம் வரியின் தொடக்கத்தில் பிழை என்று வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பதிவுக் கோப்பில் கடைசி வரி அரைகுறையாக நிற்பதும் இயல்பு. அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பாகக் காட்டி மற்றதைத் திறக்கும் எக்ஸ்டென்ஷன் தேர்ந்தவர்கள் எழுதியது. பைத்தானிலிருந்து வரும் கோப்பில் மதிப்பின் இடத்தில் மேற்கோள் இல்லாமல் 'நேன்' (எண் அல்ல) அல்லது 'இன்ஃபினிட்டி' (முடிவிலி) இருக்கலாம். அது ஜேசானே அல்ல; அதைக் கோப்பை உருவாக்கும் இடத்தில் 'நல்' (வெற்று மதிப்பு) என்று மாற்ற வேண்டும்.

1.5 ஜிபி பார்க்கெட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். 180 எம்பி ஜேசானைவிட அதைத் திறப்பது எளிது. பார்க்கெட் கோப்பின் அட்டவணை விவரம் முழுவதும் வால்பகுதியில் இருக்கிறது. கடைசி 4 பைட் 'பிஏஆர்1' என்ற அடையாளம், அதற்கு முந்தைய 4 பைட் அந்த விவரத்தின் நீளம். எக்ஸ்டென்ஷன் முதலில் அந்த 8 பைட்டைப் படித்து, பிறகு விவரத்தைப் படித்தாலே நெடுவரிசைகளின் பெயர், வகை, மொத்த வரிகள், ஒவ்வொரு வரித்தொகுதியும் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கிடைத்துவிடும். தரவு நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால், நீங்கள் கேட்கும் மூன்று நெடுவரிசைக்கான பைட்டுகளை மட்டும் எடுத்தால் போதும். எனவே திறந்ததும் எல்லா நெடுவரிசையையும் தேர்ந்தெடுக்காதீர்கள். முழுக் கோப்பும் ஒரே வரித்தொகுதியாக எழுதப்பட்டிருந்தால், வேண்டிய வரிகளை மட்டும் எடுக்கும் வசதி பெருமளவு போய்விடும். விவரப் பக்கத்தில் வரித்தொகுதிகளின் எண்ணிக்கையை முதலில் பாருங்கள்.

பார்க்கெட்டில் தவறாகப் போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று சுருக்க முறை: சில சின்ன நூலகங்களுக்கு ஸ்னாப்பி மட்டும்தான் தெரியும், இசட்ஸ்டாண்டர்ட் கோப்பைத் திறக்காது. அடுத்து நேரம்: மைக்ரோ விநாடியை மில்லி விநாடியாக எடுத்துக்கொண்டால் தேதி 50 ஆயிரத்தைத் தாண்டிய ஆண்டுக்குப் போய் நிற்கும், அதனால் கண்ணில் பட்டுவிடும். உலக நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள குழப்பம் அப்படிப் படாது, சில மணி நேரம்தான் தள்ளும். விவரப் பகுதியில் அந்தக் குறியீட்டைப் பார்த்தே தீர வேண்டும். மூன்றாவது தசம எண்: 123.45 என்பது உள்ளே 12345 என்றும், புள்ளிக்குப் பின் 2 இடம் என்றும் இருக்கும். அந்த இரண்டாவது தகவலை விட்டுவிடும் காட்டி நூறு மடங்கு பெருக்கிக் காட்டும்.

வினவல் எழுதிப் பார்க்க வேண்டும் என்றால் டக்டிபி என்ற தரவுத்தளத்தின், உலாவிக்குள் ஓடும் வெப்அசெம்பிளி வடிவத்தை உள்ளே வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுங்கள். சிஎஸ்வி, ஜேசான், பார்க்கெட் மூன்றையும் ஒரே எஸ்க்யூஎல் வினவலில் சேர்த்துப் பார்க்கலாம். அதற்கும் 4 ஜிபி கூரை உண்டு என்பதால், பெரிய இரண்டு கோப்புகளை இணைக்கும் முன் வடிகட்டிவிடுங்கள்.

---

வரிமுறி

சிஎஸ்வி பற்றி மேலே பாதியில் விட்டுவிட்டேன். எந்தக் காட்டியானாலும் மூன்றைப் பாருங்கள். மேற்கோளுக்குள் வரி முறிவு உள்ள பதிவை ஒரே வரிசையாகக் காட்டுகிறதா? சிஎஸ்விக்கான ஆவணமான ஆர்எஃப்சி 4180 அதை அனுமதிக்கிறது. எளிய காட்டிகள் அங்கேயே இரண்டாக உடைத்து, அதன்பின் வரும் நெடுவரிசைகளை எல்லாம் நகர்த்திவிடும். 007 என்பதை 7 ஆக்கிவிடுகிறதா? வகையை ஊகிக்கும் வசதியை அணைக்க முடியாவிட்டால் வேண்டாம். காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியோ தாவலோ இருந்தால் கையால் மாற்ற இடம் இருக்கிறதா? தானாகக் கண்டுபிடிப்பது முதல் சில வரிகளைப் பார்த்துத்தான். முகவரி நெடுவரிசையில் காற்புள்ளிகள் மலிந்திருந்தால் அது ஏமாறும்.

---

பூட்டுசாவி

தரவு வெளியே போகக் கூடாது என்றீர்கள். அதற்கு வடிவமைப்பைப் பார்த்தே பாதி முடிவெடுக்கலாம். கோப்பைத் தன் சொந்தப் பக்கத்தில் மட்டும் திறக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு எந்தத் தளத்தின் மீதும் அனுமதி தேவையே இல்லை. நிறுவும்போது 'எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்ற எச்சரிக்கை வந்தால், ஜேசான் பக்கங்களைத் தானாக அழகுபடுத்துவதற்காகத்தான் கேட்கிறது என்றாலும், உங்கள் மின்னஞ்சல் பக்கத்தையும் படிக்கும் உரிமை அதில் அடங்கும். அப்படி ஒன்று தேவைப்பட்டால் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் தள அணுகலை 'ஆன் க்ளிக்' என்று மாற்றுங்கள், அல்லது உங்கள் ஏபிஐ முகவரியை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

சரிபார்க்க: எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் கருவியைத் திறந்து, நெட்வொர்க் பகுதியைக் காலி செய்து, கோப்பைத் திறந்து, தேடி, வடிகட்டிப் பாருங்கள். ஒரு கோரிக்கையும் வெளியே போகக் கூடாது. பின்னணி சர்வீஸ் ஒர்க்கருக்குத் தனிச் சாளரம் உண்டு. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் டெவலப்பர் முறையை இயக்கினால் 'சர்வீஸ் ஒர்க்கர்' இணைப்பு தெரியும், அதிலும் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்ப்பது நல்ல முதல் சோதனைதான், ஆனால் அது மட்டும் போதாது: இணைப்பு திரும்பியதும் அனுப்பும்படி எழுதியிருக்க முடியும்.

இன்று சுத்தமாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் உரிமையாளர் கைமாறி, அடுத்த பதிப்பில் மாறலாம். ஸ்டோரிலிருந்து நிறுவியது கேட்காமலே புதுப்பித்துக்கொள்ளும். முக்கியமான தரவு என்றால் திறமூல எக்ஸ்டென்ஷனின் மூலத்தை இறக்கி, படித்துப் பார்த்து, டெவலப்பர் முறையில் 'லோட் அன்பேக்ட்' வழியாக நிறுவுங்கள். அது தானாகப் புதுப்பிக்காது. இதற்கெனத் தனி குரோம் சுயவிவரம் ஒன்றை வைத்து, அதில் வேறு எந்த எக்ஸ்டென்ஷனும் எந்தக் கணக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

---

அடைப்புக்குறி

ஜேசான் லைன்ஸாக மாற்றியபின் 180 எம்பி கோப்பு சிரமமில்லாமல் திறக்கிறது, கடைசிப் பதிவு வரை போக முடிகிறது. தனி சுயவிவரமும் வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி. பெயர் நெடுவரிசையில் 'கொற்றவை' என்று தேடினால் சில வரிகள் விடுபடுகின்றன, கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. அகர வரிசைப்படுத்தினாலும் அகராதி வரிசையில் வருவதில்லை.

---

நெடுவரிசை

தேடலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: 'க'வோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக (0பிசிஏ) சேர்ப்பது ஒரு விதம், ஒற்றைக்கொம்பையும் (0பிசி6) காலையும் (0பிபிஇ) தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிடும்போது பொருந்தாது. ஓ, ஔ வரிசைகளுக்கும் இதே நிலைதான். தேடும் சொல்லையும் தரவையும் என்எஃப்சி (இத்தகைய குறிகளைச் சேர்த்தே எழுதும் ஒரே சீரான) வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடும் எக்ஸ்டென்ஷனில் இது வராது. இல்லாவிட்டால் கோப்பையே ஒருமுறை என்எஃப்சி ஆக்கிவிடுங்கள்.

இரண்டாவது, மூல எழுத்தில் தேடும் காட்டி. பைத்தான் இயல்பாக ஜேசான் எழுதும்போது தமிழ் எழுத்துகளைப் பின்சாய்கோட்டோடு கூடிய குறியெண்களாக மாற்றிவிடும். மர வடிவில் தமிழாகத் தெரிந்தாலும், மூல எழுத்தில் 'கொற்றவை' என்ற சொல் இல்லவே இல்லை. மூலக் காட்சிக்கு மாறி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கோப்பை எழுதும் நிரலில் 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்ற தெரிவை அணைத்தால் தமிழாகவே எழுதும், தமிழ்ப் பகுதியின் அளவும் பாதியாகும்: ஓர் எழுத்துக்கு 6 பைட்டுக்குப் பதில் 3.

வரிசை தவறுவது குறியெண்படி வரிசைப்படுத்துவதால். யூனிகோடில் 'ன' வருவது 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன். 'ற' வருவது 'ர'வுக்கு அடுத்து. புள்ளியின் குறியெண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் 'க்' என்பது 'கௌ'வையும் தாண்டிப் போய்விடும். உலாவிக்குள்ளேயே தமிழுக்கான வரிசைமுறை இருக்கிறது. எக்ஸ்டென்ஷனின் அமைப்புகளில் வரிசைப்படுத்தும் மொழி என்று ஒன்று இருந்தால் தமிழ் என்று வையுங்கள். இல்லையென்றால், நீங்கள் மூலத்திலிருந்து நிறுவியதாக இருந்தால், வரிசைப்படுத்தும் இடத்தில் வெறும் ஒப்பீட்டுக்குப் பதிலாக 'இன்ட்ல் கொலேட்டர்' என்பதைத் தமிழ் மொழிக் குறியோடு போடுங்கள். அதை ஒருமுறை உருவாக்கி எல்லா ஒப்பீட்டுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதிதாக உருவாக்கினால் லட்சம் வரியில் வரிசைப்படுத்தல் தவழும்.